வெயில் வரக் கூடாத மத்தியானம்

வெயில் வந்துவிடக் கூடாது என்று நான் கடவுளிடம் மன்றாடியது வாழ்க்கையில் ஒரே ஒரு மத்தியானம்தான். இத்தனைக்கும் கூரையில் ஆறு சோலார் தகடுகளை ஏற்றி வைத்திருப்பவன் நான். முகில் மூடினால் வானத்தைப் பார்த்துத் திட்டுவேன். உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டவளே பேசாமல் இருக்க உங்களுக்கென்ன வந்தது என்று மனைவி வதனி சிரிப்பாள். அந்த மத்தியானம் மட்டும் வெயில் என்ற நினைப்பே எனக்கு ஈரக்குலையை நடுங்க வைத்தது.

என் பெயர் திவாகரன். பிறந்த ஊர் கரடியனாறு, கலியாணம் கட்டியது குருக்கள்மடத்தில். எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர வேண்டியவன். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். பிரிட்ஜ் திருத்துவது என் தொழில். அதோடு, வாவியில் இறாலும் மீனும் பிடிப்பவர்கள் கொண்டுவந்து வைக்க, வளவின் பின்பக்கக் கொட்டிலில் இரண்டு பெரிய பிறீசர்களும் வைத்திருக்கிறேன்.

வளவு ஒன்று, வீடு இரண்டு. முன்வீடு வதனிக்கு. பின்வீடு அவளுடைய தங்கை விதுர்ஷாவுக்கு. விதுர்ஷாவின் கணவன் கட்டாரில், அவள் எட்டு மாதப் பிள்ளையோடு தனியே. இரண்டு குசினிகளுக்கும் இடையில் பதினைந்து அடி இருக்குமோ என்னவோ. வேலி இல்லை. வேலி மட்டுமல்ல, கேட்டு எடுக்கும் பழக்கமும் அந்த வளவில் இல்லை. அக்காவின் அடுப்பில் கொதிக்கிற கறி தங்கையின் கோப்பைக்குப் போகும். தங்கையின் சம்போ அக்காவின் தலைக்கு வரும். வந்த புதிதில் என்னுடைய திருகாணிச் சாவியை விதுர்ஷா எடுத்துப் போனதற்கு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் என்ன என்று வாய்விட்டுவிட்டேன். அவள் அழுதாள். வதனி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டு எடுப்பது வெளியாட்கள் செய்கிற வேலையாம். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை.

இந்த இருவருக்கும் மூத்தவன் மதுரன். என் வயதுக்காரன். கம்பத்தில் ஏறிக் கரண்ட் வேலை செய்கிறவன். அவனும் எல்லா ஆண்களையும் போல மனைவி வீட்டுக்குப் போனவன்தான், ஆரையம்பதிக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கும் அவனுக்கும் வேறு கதை கிடையாது.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்டை வெட்டினார்களே, அந்த வருடம் என் பிறீசரில் இருந்த இறால் முழுவதும் நாறிப்போனது. குழி வெட்டித் தாட்டேன். அந்தக் கோபத்தில் போட்டதுதான் சோலார். மதுரனுக்கு அது சிரிப்பு. இரவில் என்ன செய்வீர்கள், மாரியில் என்ன செய்வீர்கள், நாலு வருடத்தில் பற்றரி செத்தால் என்ன செய்வீர்கள் என்று அடுக்குவான். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற சனம் ஆறு தகட்டுக்கு எங்கே போகும், இது எங்களைப் போன்ற நாட்டுக்குச் சரிவராது, இன்னும் கம்பமும் வயரும்தான் வேண்டும் என்பான். ஒரு தென்னோலை விழுந்தால் இருண்டு போகிற நாட்டில் உன் கம்பத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று நான் கேட்பேன். வதனி சோற்றைக் கொண்டுவந்து வைக்கும் வரைக்கும் இது ஓடும். யாரும் வென்றதில்லை.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் மழையும் காற்றும். வாவி ஏறி ஒழுங்கைக்குள் வந்தது. ஒழுங்கையில் இருந்த மற்ற நாலு வீட்டாரும் மெயின் சுவிச்சை அடித்து நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அத்திவாரம் உயரம், தண்ணீர் படியோடு நின்றது. ஆனால் கொட்டிலில் நிலத்தில் இருந்த பற்றரிகள் மூழ்கிச் செத்தன. ஒழுங்கை முகப்பில் கரண்ட் கம்பம் முறிந்து, வயர்கள் அறுந்து மதிலில் கிடந்தன.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டிவிட்ட பிறகு தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியது. ஊர் முழுக்க இருட்டு. கூரையில் தகடுகள் மட்டும் கல்லுப் போல நின்றன. என்னுடைய இன்வேட்டர் புதுமாதிரியானது. பற்றரி இல்லாவிட்டாலும் வெயில் இருக்கும் மட்டும் நேரே தகட்டிலிருந்து எடுத்து ஓடும். முகில் மூடினால் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தொடர்ந்து நல்ல வெளிச்சம் பட்டால் தானாக எழும்பும். யாரும் போய்த் தட்ட வேண்டியதில்லை. அந்தத் தானாக எழும்புகிற புத்திசாலித்தனத்தை நான் எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

இறாலைக் கைவிட்டாயிற்று. ஆனால் ஊரில் சீனி வருத்தக்காரர் ஒன்பது பேர் தங்கள் இன்சுலின் மருந்தை என் குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். விட்டு விட்டு வந்த வெயிலில் ஓடியதே அந்த மருந்துக்குப் போதுமாக இருந்தது. சோலார் சரிவராது என்று சொன்னவனை இழுத்துவந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவனே வந்தான், கம்பம் ஏறுகிற சாமான்களோடு. கூட றிஸான் என்ற உதவியாளன் ஒருவன் மட்டும். ஆட்கள் காணாதென்று குழுவை இரண்டாகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். முறிந்த கம்பத்துக்குப் பக்கத்தில் வேறொன்றை நட்டாகிவிட்டது, இனி மேலே ஏறி வயரை இழுத்துக் கட்ட வேண்டும். மதுரனின் கண்கள் சிவந்திருந்தன. நித்திரை கொண்டு மூன்று நாளாம். வயரில் டெஸ்டரைப் பிடித்துப் பார்த்தான். செத்துக் கிடந்தது. அந்த நேரம் வானம் கன்னங்கரேலென்று மூடியிருந்தது.

வேலை தொடங்க முன்னர் வயரை நிலத்தோடு சேர்த்துக் கட்டுகிற சங்கிலி ஒன்று இருக்கிறதாம். எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குப் போய்விடும். அந்தச் சங்கிலி மற்ற லொறியோடு போய்விட்டது. மதுரன் கம்பத்தையும் என் கூரைத் தகடுகளையும் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டா? உங்கட சோலார் லைனுக்கு ஏறாதுதானே?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஊருக்கே மருந்து காக்கிறவனிடம் இது என்ன கேள்வி? கம்பத்துக் கரண்டும் சோலார்க் கரண்டும் ஒருநாளும் ஒன்றோடொன்று சேராதபடி மாற்றுச் சுவிச் போட்டிருக்கிறேன். சுவிச் ஒரு பக்கம் இருந்தால் கம்பம், மறுபக்கம் இருந்தால் சோலார். அது இப்போது சோலார்ப் பக்கம் இருக்கிறது. என் வீட்டுக்கும் கம்பத்துக்கும் தொடர்பே இல்லை.

"என்ட வீட்டில இருந்து ஒரு பொட்டுக் கரண்டும் றோட்டுக்கு வராது மச்சான். கண்ணகை அம்மன் சத்தியம்," என்றேன்.

"சரி மச்சான்," என்றான். இடுப்புப் பட்டியைக் கட்டத் தொடங்கினான்.

எனக்கு வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அம்பிளாந்துறையில் இருக்கும் வதனியின் சித்தி சீதேவிப்பிள்ளைக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற பாதைப் படகு புயலோடு நின்றுவிட்டது. அழகரத்தினம் அண்ணன் தன் தோணியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பிளாஸ்க்கில் ஐஸோடு மருந்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போனேன், சித்தியிடம் கொடுத்தேன், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன், திரும்ப ஏறினேன். அதுவரைக்கும் எல்லாம் சரி.

தோணி வாவியின் நடுப்பகுதிக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. விதுர்ஷா. என் போனில் சார்ஜ் நாலு வீதம்தான் கிடந்தது.

பிள்ளைக்குப் பால்மா முடிந்துவிட்டதாம், இங்கே கடை திறக்கவில்லை, அக்கரையில் கிடைத்தால் வாங்கி வரட்டாம். நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, உன் போன் மூன்று நாளாகச் செத்துத்தானே கிடந்தது, எப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன். சும்மா ஒரு கதைக்குத்தான் கேட்டேன்.

"விடியக் கொஞ்ச நேரம் வெயில் அடிச்சதுதானே அத்தான். அக்காட குசினிப் பிளக்கில இருந்து அந்தப் பழைய வயரை எங்கட வீட்டுக்குக் கொழுவின நான். இருபது வீதம் ஏறிச்சி. பிறகு முகில் மூடி நிண்டுட்டு. வயர் கொழுவினபடிதான் கிடக்கு. வெயில் வந்தா திரும்ப ஏறும்."

எந்தப் பழைய வயர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அதைச் செய்து கொடுத்தவனே நான்தான்.

அவளுடைய வீட்டைக் கட்டி முடித்தபோது மீற்றர் வர ஒரு வருடம் ஆனது. அதுவரைக்கும் எங்கள் குசினியிலிருந்துதான் அவளுக்குக் கரண்ட். இரண்டு பக்கமும் பிளக் வைத்த நீட்டு வயர் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கத்தை எங்கள் சுவரிலும் மறுபக்கத்தை அவளுடைய சுவரிலும் செருகினால் அவளுடைய வீடு முழுவதும் எரியும். அப்போது அவளுடைய வீட்டுக்கும் கம்பத்துக்கும் தொடர்பில்லை, பயமுமில்லை. மீற்றர் வந்த அன்று அந்த வயரைத் தூக்கி எறி என்று சொன்னேன். எறிந்தாளா என்று பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு மீற்றர் இருக்கிறது. மெயின் சுவிச் போட்டபடியே இருக்கிறது. அதை அடிக்கச் சொல்லி ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. என் மாற்றுச் சுவிச் என் வீட்டைத்தான் காக்கும். என் சோலார் என் குசினியால் வெளிக்கிட்டு, பதினைந்து அடி வயரில் போய், அவளுடைய வீட்டுக்குள் நுழைந்து, அவளுடைய மீற்றரால் ஏறி நேரே ஒழுங்கை வயருக்குப் போகும். ஒழுங்கையில் மற்ற வீடெல்லாம் மெயின் அடித்துக் கிடப்பதால் அந்தக் கரண்டைக் குடிக்க ஒரு பல்பு கூட இல்லை. முழுவதும் வயரில் நிற்கும். அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரன் கம்பத்தில் நிற்கிறான். என் சத்தியத்தை நம்பி ஏறினவன்.

"கழட்டு," என்றேன். "அந்த வயரைக் கழட்டு விதுர்ஷா. இப்பவே கழட்டு."

"எந்தப் பக்கத்த அத்தான்?"

போன் செத்துப்போனது.

கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவள் கேட்ட கேள்வி மண்டையில் ஏறியது. எங்கள் குசினிப் பக்கத்தை முதலில் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் அவள் தன் வீட்டுக்குள்தான் நிற்பாள். கைக்கு எட்டுவது அவளுடைய சுவரில் இருக்கிற பக்கம். அதை இழுத்தெடுத்தால் பிளக்கின் மூன்று பித்தளைக் கால்களும் வெளியே நிற்கும். மறுபக்கம் என் சுவரில் செருகியபடி. வெயில் வந்தால் அந்தக் கால்களில் கரண்ட். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் அது. அண்ணனைக் காப்பாற்ற நினைத்து அவசரத்தில் தங்கைக்குக் கொள்ளி வைத்திருக்கிறேன்.

அழகரத்தினம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன தம்பி என்று கேட்டார். வேகமாகப் போங்க, வேகமாகப் போங்க என்று மட்டும் சொன்னேன். தோணிக்குள் கிடந்த மற்றத் துடுப்பை எடுத்து நானும் வலித்தேன். எனக்குத் தோணி வலிக்கத் தெரியாது, நான் வயல்காட்டுப் பிறவி. தண்ணீர் அவர் மேல் தெறித்ததே தவிரத் தோணி கூடவாக நகரவில்லை. அவர் துடுப்பைப் பறித்துக் கீழே வைத்துவிட்டுத் தனியே வலித்தார். நான் இரண்டு கையையும் தொடைக்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

தலைக்கு மேலே முகில் தடிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காற்று கடல் பக்கத்திலிருந்து அடித்தது. கடல் பக்கம் முகில் கிழியத் தொடங்கியிருந்தது. வெள்ளையாக ஒரு கீறல், பிறகு ஒரு கையகலம் நீலம். கண்ணகை அம்மாளே, மூடு தாயே, மூடு என்று வாய்விட்டுக் கும்பிட்டேன். ஐந்து நாளாக வெயிலைத் தா தாயே என்று கேட்ட அதே வாயால்.

நானும் மதுரனும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கத்தியிருப்போம். வெயில் காணுமா, பற்றரி தாங்குமா, ஏழை நாட்டுக்குச் சரிவருமா என்று. இரண்டு பேரும் தொழில் தெரிந்தவர்கள் என்ற திமிர். இரண்டு குசினிகளுக்கு நடுவே ஒரு வயர் ஓடும் என்ற கதையை ஒரு நாளாவது பேசினோமா? வெயில் வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்தோம். வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

வெயில் வந்தது. எங்கள் தோணி இன்னும் நிழலில்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கே குருக்கள்மடத்துத் தென்னைகளின் தலை முதலில் மஞ்சளாகியது. பிறகு கூரைகள். பிறகு கரை முழுவதும் பளீரென்று எழும்பியது. என் தகடுகள் எந்த இடத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவேன். தோணி விளிம்பில் குனிந்து சித்தி தந்த தேத்தண்ணியை வாந்தி எடுத்தேன்.

ஐந்து நிமிடம். எண்ணத் தொடங்கினேன். நூற்றிருபது வரையில் எண்ணியதும் ஒரு முகில் துண்டு வந்து மூடியது. உயிர் வந்தது. மூன்று மூச்சு விடுவதற்குள் திரும்பவும் வெயில். முதலிலிருந்து எண்ணினேன். முன்னூறு வரும்போது கரைக்கு இன்னும் நூறு யார் தூரம் இருந்தது. முன்னூறுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

துறையில் தோணி தட்ட முன்னமே குதித்தேன். தொடையளவு சேறு. ஒரு செருப்பு அதற்குள் போனது, மற்றதை உதறிவிட்டு ஓடினேன். துறையிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு வருபவனுக்கு முதலில் தெரிவது அந்தக் கம்பம்தான்.

கம்பத்தில் ஆள் இல்லை.

கீழே, மதிலோரம், யாரோ மண்ணில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்கள். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் மஞ்சள் மழைக்கோட்டால் மூடியிருந்தது. வெளியே தெரிந்த சப்பாத்து மதுரனுடையது. பக்கத்தில் றிஸான் குந்தியிருந்தான், தலையைக் குனிந்துகொண்டு.

மிச்சத் தூரத்தை எப்படிப் போனேன் என்று தெரியாது. மழைக்கோட்டைப் பிடித்து இழுத்து, அவன் நெஞ்சில் விழுந்து, ஐயோ மச்சான், ஐயோ மச்சான் என்று குழறினேன்.

நெஞ்சு சூடாக இருந்தது. இரண்டு கைகள் என்னைப் பிடித்துத் தள்ளின.

"என்ன மச்சான், பேய் பிடிச்ச மாதிரி? அரை மணித்தியாலம் கண்ணயர விட மாட்டீங்களா?"

றிஸான் சோற்றுப் பார்சலைக் கையில் வைத்தபடி என்னை வெறித்துப் பார்த்தான். நான் மதுரனின் முகத்தைத் தடவினேன், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல் மூக்கு ஒழுக அழுதேன். வயர், விதுர்ஷா, பழைய வயர் என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

அவனுக்கு முழுவதும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே தலையாட்டினான். ஒழுங்கைக்குள் கையைக் காட்டினான். எங்கள் வாசலுக்கு வருகிற வயர்கள் இரண்டும், என் வீட்டுக்குப் போவதும் விதுர்ஷா வீட்டுக்குப் போவதும், வெட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. கையுறை போட்டுக்கொண்டு, இங்கே ஏற முன்னர் அங்கே போய் முதல் வேலையாக வெட்டியிருக்கிறான்.

"உங்கட சத்தியத்த நான் நம்பாம இல்ல மச்சான். நீங்க இந்த வளவுக்கு வந்த ஆள். நான் அதில பிறந்தவன். என்ட தங்கச்சிமார எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டதும் உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கினது போல இருந்தது. சிரிக்கக் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, போனில் அவளிடம் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டேன், நீ பிழைத்தாய் என்றேன்.

மதுரனின் முகம் மாறியது.

"எந்தப் பக்கத்த கழட்டச் சொன்ன நீங்க?"

அவள் கேட்ட அதே கேள்வி, அவனைக் கண்ட ஆறுதலில் மறந்தே போயிருந்தேன். நான் பதில் சொல்ல முன்னமே அவன் ஓடத் தொடங்கிவிட்டான். வெட்டினது கம்பத்துக்குப் போகிற வயரைத்தான். எங்கள் குசினிக்கும் அவளுடைய வீட்டுக்கும் இடையே கிடக்கிற பதினைந்து அடியை யாரும் வெட்டவில்லை. நானும் அவன் பின்னால் ஓடினேன். வெயில் முதுகைச் சுட்டது. அந்தச் சூடு எனக்கு அருவருப்பாக இருந்தது.

எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ரேடியோச் சத்தம் கேட்டது. இன்வேட்டர் எழும்பிவிட்டது. வதனி வாசலில் ஈரப் பாயை விரித்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் என்ன என்று கேட்டாள். நாங்கள் நிற்கவில்லை. பின்வீட்டு விறாந்தையில் இருக்கிற பல்பு எரியவில்லை. உள்ளே மின்விசிறியின் சத்தமும் இல்லை. பிள்ளை மட்டும் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

பல்பு எரியவில்லை என்றால் கழற்றியிருக்கிறாள். கழற்றினவள் எங்கே? பிள்ளை அழ அழ ஏன் தூக்காமல் இருக்கிறாள்?

மதுரன் கதவடியில் நின்றுவிட்டான். ஐம்பது அடிக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு அந்த வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை. "விது," என்று ஒரு தரம் கூப்பிட்டான். பதில் இல்லை. நான் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை பாயில் கிடந்து கைகாலை அடித்தது. சுவரில் பிளக் ஓட்டைகள் மூன்றும் வெறுமையாக இருந்தன. நிலத்தில் வயர் இல்லை. ஆளும் இல்லை.

பின்கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளால் விதுர்ஷா வந்தாள், ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி. கிணற்றடியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாளாம். தோளில் அந்த வயரைச் சுற்றி வளையமாகப் போட்டிருந்தாள். இரண்டு பிளக்கும் அவளுடைய வயிற்றடியில் தொங்கி ஆடின.

அண்ணனைக் கண்டதும் சிரித்தாள். பிள்ளையை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்தாள். அத்தான் சத்தம் போட்டதால் கழற்றிவிட்டேன், பால்மா கிடைத்ததா என்று கேட்டாள்.

மதுரன் மெல்லிய குரலில் கேட்டான். "முதல்ல எந்தப் பக்கத்த இழுத்த நீ?"

"நினைவில்ல."

"வெயில் வந்த பிறகா, வர முதலா?"

"அதெல்லாம் ஆர் பாத்த அண்ணா? இவன் அழுதான், போத்தல்ல மிச்சம் கிடந்த பாலக் குடுத்துப்போட்டுக் கழட்டின நான்." எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதானே?"

மதுரன் அவளுடைய தோளிலிருந்து வயரைக் கழற்றி எடுத்தான். இடுப்பிலிருந்து வயர் வெட்டும் குறட்டை உருவி, ஒரு பிளக்கை வெட்டிப்போடக் குறட்டின் வாய்க்குள் வயரை வைத்தான். வயர் நழுவியது. திரும்ப வைத்தான், திரும்பவும் நழுவியது. என்னிடம் நீட்டினான். எனக்குக் குறட்டைப் பிடிக்கவே முடியவில்லை, அது நிலத்தில் விழுந்தது.

விதுர்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பெரிய கரண்ட்காரர், ஒரு வயரை வெட்டத் தெரியவில்லையா என்றாள். இங்கே தாருங்கள், நான் வெட்டுகிறேன் என்று பிள்ளையோடு குனிந்து குறட்டை எடுத்துக்கொண்டு, மற்றக் கையை வயருக்கு நீட்டினாள்.

வயரில் இனி ஒன்றும் இல்லை, அது வெறும் ரப்பரும் செம்பும் என்று எனக்கும் தெரியும், மதுரனுக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டோம். விடுங்கள், நோகிறது என்று அவள் சொன்ன பிறகும் விடவில்லை.